கிளிச்சொல்லும் தோத்திரமும்

கவி புனையும் யந்திரங்கள் பலதிறப்படும். 1952-இல் மாஞ்செஸ்டரில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பார் கணினியைக் காதற் கடிதம் எழுதச் செய்ததுபோல, வகுத்துவைத்த வாக்கியச் சட்டத்தில் சொற்களை மாற்றி மாற்றி இடுவது ஒரு வகை. ருஷ்யக் கணித மேதை மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் காவியத்தில் 20,000 எழுத்துக்களை எண்ணிக் காட்டிய வழியைப் பின்பற்றி, முன் நின்றதைக்கொண்டு பின் வரத்தக்கதைக் கணிப்பது மற்றொரு வகை. அந்தக் கணிப்பையே எண்ணிறந்த நூல்களிற் பயின்று, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி போலக் கைப்பேசிக்குள் புகுந்து, கதையென்றால் கதையும், வெண்பாவென்றால் தளை தட்டினும் தயங்காமல் ஒரு வெண்பாவும் தருவது மூன்றாவது வகை. இம்மூன்றாவது யந்திரம் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுப் பகவதியின்மேல் ஒரு பதிகம் பாடித் தருமாயின், அது தோத்திரமாகுமா?

சொல்வோன் இல்லாத சொல்லைப்பற்றி நம் சாஸ்திரக்காரர்கள் முன்னமே விசாரித்திருக்கிறார்கள். வேதத்துக்குக் கருத்தா இல்லை, அதனாலேயே அதற்குப் பிழையும் இல்லை என்பது மீமாம்சகர் கொள்கை. சொல்வோனுடைய உட்கருத்தை அறியாமல் சொற்பொருள் துணியலாகாது என்ற நையாயிகரோ, அதாவது நியாய சாஸ்திரக்காரரோ, கிளி பேசும் வாக்கியத்தில் இடர்ப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் முக்தாவளி என்னும் நியாய நூலை இயற்றிய விசுவநாத பஞ்சானனர், கிளியின் சொல் மெய்யாயின் ஈசுவரனுடைய கருத்தும், பொய்யாயின் அதனைப் பழக்கியவனுடைய கருத்துமே அங்கே கொள்ளத்தக்கன என்று தீர்த்தார்.

கருத்தில்லாத காரியத்தில் தெய்வம் விளங்குமா என்ற ஐயத்துக்கு மண்டைக்காட்டிலேயே விடையுண்டு. அங்கே மூலஸ்தானத்தில் அம்மையாக நிற்பது, ஏறத்தாழ 15 அடி உயர்ந்த புற்று. அதனை எழுப்பிய கறையான் பகவதியின் திருமேனி சமைப்பதாக நினைத்திராது; ஆயினும் மாசிக் கொடைவிழாவின் பத்து நாளும், கேரளத்திலிருந்து இருமுடி சுமந்துவரும் பெண்கள் அதன்முன் கைகூப்புகிறார்கள். ஆகவே யந்திரத்தின் பதிகத்தை, இயற்றியது சடம் என்ற ஒரே காரணத்தால் தள்ளுதல் நியாயமன்று. ஆனால் அங்கே தலைநோவு தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்கிறவளைப் பாருங்கள்: அரிசிமாவும் வெல்லமும் எந்தக் கடையில் வாங்கினவையாயினும், நோவு அவளுடையது, நேர்ச்சையும் அவளுடையது. தோத்திரமும் அத்தகையதே. சொல் எங்கிருந்து வந்தாலும், அதனைத் தன் குறையோடு சேர்த்துச் சமர்ப்பிப்பவன் ஒருவன் வேண்டும். யந்திரத்துக்குத் தீரவேண்டிய குறை ஒன்றும் இல்லாமையால், அது பதிகம் பாடலாமேயன்றி வேண்டிக்கொள்ள இயலாது. அப்பதிகத்தை உருகிப் படிக்கும் அடியவனோ அதனை வேண்டுதலாக்கிவிடுகிறான்.

அப்படியானால் கவிஞன் எதற்கு என்று கேட்கலாம். நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில்லடிக்கும் புலவர், வாய்பாடான அடிகளையே பெரும்பாலும் பாடினாலும், கூட்டத்தின் முகம் பார்த்துக் கதையைக் குறுக்கியும் பெருக்கியும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும் தறுவாயில் வீசுகோலையும் உடுக்கையையும் முடுக்கியும், இன்னார் முன் இன்ன வேளையில் பாடுகிறோம் என்ற பொறுப்பைத் தாம் ஏற்கிறார். யந்திரம் அப்பொறுப்பை ஏற்பதில்லை. கேட்டவர் எவராயினும், வேளை எதுவாயினும், அதற்கு எல்லாம் ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. முக்தாவளிகாரர் சொன்ன பழக்கியவன் இந்த யந்திரக் கிளிக்கு ஒருவன் அல்லன். தம் துயரையும் பக்தியையும் எழுத்தில் வைத்துப்போன லட்சக்கணக்கானவர்கள். அவர்களுடைய சொல்லை யந்திரத்தின் வாயிலாகப் பெற்று அம்மையின் முன் படிப்பவன் அவர்களோடு சேர்ந்து வேண்டுகிறான்; அதன்கீழ்த் தன் பெயரை எழுதிக் கவியென்று உலாவுகிறவனோ, பிறர் நேர்ந்த காணிக்கையைத் தன் பேரில் வரவு வைத்துக்கொள்கிறான். குற்றம் யந்திரத்தின்மேல் இல்லை. அந்தக் கையெழுத்தின்மேலேயே உள்ளது.