கணக்குப் போட்டு மலையேறு!

தம்பி, தங்கை, உங்களிடம்தான் கேட்கிறேன். பினாங்கின் பாலிக் புலாவ் மலையின் மண்பாதையில் மோட்டார் ஓட்ட வேண்டும் என்று எத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? மாமாக் கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சு. கேடிஎம் பைக் வாங்கக் காசு சேரட்டும் என்கிறான் ஒருவன். இன்னும் பத்துக் கூட்டாளிகள் வரட்டும் என்கிறான் அடுத்தவன். "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான் இன்னொருவன்.

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அந்த மலையில் தினமும் வண்டி ஓட்டுவது யார் என்று போய்ப் பார்! கையில் ரிங்கிட்டைக் கத்தையாக வைத்திருப்பவனா? டுரியான் தோட்டத்துத் தொழிலாளி! பழைய கப்சாய் மோட்டார், பின்னால் இரண்டு பக்கமும் கூடை, கூடை நிறைய முள்ளும் மணமுமாகப் பழம். கார் திணறும் சரிவில் அவர் நிதானமாக இறங்கி வருகிறார். அந்த இஞ்சின் நூறு சிசி அளவுதான். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருப்பார்; வேகம் குறையும், இழுவை கூடும். இறங்கும்போது முன் பிரேக்கை இறுக்க மாட்டார், ஈரமண்ணில் முன்சக்கரம் வழுக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். கீழ் கியரில் போட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவார். எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவருக்குச் சான்றிதழ் தரவில்லை. மலையே கற்றுக்கொடுத்தது.

உன் வீட்டு வாசலில் நிற்கிறதே ஒரு கப்சாய், அதன் வரலாறு தெரியுமா உனக்கு? அதன் முன்னோடியான சூப்பர் கப்பை ஹோண்டா 1958இல் வெளியிட்டது. 2017க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் உருவாகிவிட்டன. ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் நம் பினாங்குக்காரர் லோ பூன் சியூ. 1915இல் சீனாவில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கு வந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. பஸ் கழுவினார், மெக்கானிக் வேலை கற்றார், அந்தக் கைகளாலேயே மோட்டார் வியாபாரத்தைக் கட்டியெழுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு நாட்டையே மோட்டாரில் ஏற்றிவிட்டார். படித்து, லைசென்ஸ் எடுத்து, கையில் போனும் வைத்திருக்கும் நீ ஒரு மலையைப் பார்த்துத் தயங்குகிறாயே, நியாயமா?

தயக்கத்தை விடு என்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கு என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவரைப் பார்த்திருக்கிறாய். பூசத்தன்று காலையிலா அவர் தயாராகிறார்? வாரக்கணக்கில் விரதம் இருந்து, உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்தி, அதற்குப் பிறகுதான் அந்த 513 படிகளில் கால் வைக்கிறார். உன் பயணத்துக்கும் அப்படி ஒரு விரதம் வேண்டும். அதன் பெயர் திட்டம்.

முதலில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதை முடிவு செய். ஜார்ஜ் டவுனுக்கும் பாலிக் புலாவுக்கும் நடுவே தீவின் முதுகெலும்பாக மலைத்தொடர் கிடக்கிறது. அதில் கொடிமலைக் (பினாங்கு ஹில்) காடுகள் அடங்கிய பகுதியை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வடமேற்கு மூலையில் 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே நடப்பவர்களுக்கான பாதைகளில் உன் டயர் படக் கூடாது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டு வனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உனக்கு மிச்சமிருப்பவை தோட்டப் பாதைகள். அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. நேரில் போ, ஹெல்மெட்டைக் கழற்று, பெயரைச் சொல், கேள். கேட்பதில் என்ன கூச்சம்? மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போ. டுரியான் காலத்தில் மட்டும் கேட்காதே. மரத்தடியில் வலை கட்டி, ஆண்டு முழுதும் பட்ட பாட்டுக்குக் கூலி விழும் நேரம் அது. அந்நேரம் புது முகத்தைக் கண்டால் அவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். தலையில் பழம் விழுந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு. அதைத் தேர்ந்தெடு. 2017 நவம்பரில் ஒரே இரவு மழையில் பினாங்கு மூழ்கியதையும் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்ததையும் மறந்துவிடாதே. கிரானைட் பாறைமேல் படிந்த அந்தச் செம்மண் வெயிலில் கல். மழை குடித்தால் காலடியிலிருந்து நழுவும்.

மூன்று பேராகப் போ. ஒருவனுக்கு அடிபட்டால் ஒருவன் அருகில் இருப்பான், ஒருவன் உதவிக்கு ஓடுவான். பள்ளத்தாக்கில் போன் லைன் இல்லாமல் போகலாம். அதனால் எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவோம், தாமதமானால் எப்போது 999க்கு அழைக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் தாளில் எழுதிக் கொடு. பாலிக் புலாவ் மருத்துவமனைக்கு வழியைத் தெரிந்து வைத்துக்கொள். டயரில் காற்றைச் சற்றுக் குறை, மண்ணைப் பிடிக்கும்; அதிகம் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கும். மாற்று டியூப், பம்ப், பிளக், செயின் இணைப்பு, தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள். சந்தேகமான சரிவு வந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: திரும்பும் நேரம். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குத் திரும்ப வேண்டும். உச்சி இன்னும் ஒரே ஒரு வளைவில் இருந்தாலும் திரும்ப வேண்டும்! பிற்பகல் இடிமழை உனக்காகக் காத்திருக்காது. "பயந்துட்டான்" என்று கூட்டாளி சிரிப்பான். சிரிக்கட்டும். மறுபடி வர முடியும் என்று தன்மேல் நம்பிக்கை உள்ளவனால்தான் வண்டியைத் திருப்ப முடியும். இன்று விட்டால் என்றுமே இல்லை என்று நினைப்பவன்தான் இருட்டிலும் முறுக்குவான்; அவனுக்குள் இருப்பது துணிச்சல் அல்ல, பதற்றம்.

மீண்டும் வருவது என்றால் என்ன என்பதைப் பெங்களூரு மோட்டார் வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸேயிடம் கற்றுக்கொள். 2018இல் ஸ்பெயினின் பாஹா மோட்டார் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் பலத்த காயம். மறு ஆண்டே திரும்பி வந்து, 2019 பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவுப் பட்டத்தை வென்றார். தங்கை, இதை இன்னொரு முறை வாசி! கேரளத்தின் ஷொரனூரில் பிறந்த ஹரித் நோவாவைப் பார்: 2024 டக்கார் ராலியில் ராலி 2 பிரிவின் முதலிடம். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. டிவிஎஸ், தமிழ்நாட்டின் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் நம் நிறுவனம். டக்கார் நடக்கும் பாலைவனத்தில் போன் மேப் வழிகாட்டாது. ரோடுபுக் என்னும் வழிக்குறிப்பின் குறிகளைப் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, பாதையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். உலகத்தின் கடினமான பந்தயத்தில்கூட முறுக்கும் கைக்கு முன்னே கணக்குப் போடும் மூளை ஓடுகிறது.

நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஒரு கைதட்டலுக்காக ரேஸ் ஓட்டிச் செத்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. உன் உடம்பில் ஓடும் அதே சூட்டுக்கு மலையில் இடம் இருக்கிறது, நண்பா! அங்கே வேகம் காட்ட வேண்டியதில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் உன் கை, கால், கண், மூச்சு எல்லாம் ஒன்றாக வேலை செய்யும்.

கேடிஎம் வரும்போது வரட்டும். இன்று இரவே இரண்டு கூட்டாளிகளுக்கு எழுது: ஜனவரி, ஞாயிறு, காலை ஏழரை, பாலிக் புலாவ் சந்தை. அடுத்த வார இறுதியில் ஜாலான் துன் சார்டோன் வழியாக அங்கே போய் ஒரு தோட்டக்காரரைப் பார்த்துப் பேசு. செயினுக்கு எண்ணெய் விடு. திரும்பும் நேரத்தை ஹேண்டில் மேல் டேப் ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுது: 11.00.