அரிசி வைக்க ஓர் அறை

தெஹியோவிட்டப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் 'எமது கனவு இல்லம்' என்னும் பொருளில் கட்டுரை எழுதும்படி கேட்டிருந்தோம். பலருடைய தாள்களில் மாடிவீடுகள் எழுந்தன. றப்பர்த் தோட்டத்து லயமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் சமையற்கட்டை அடுத்து, ஆள் உள்ளே சென்று நிற்கத்தக்க சிறு அறையொன்றை வரைந்து, 'இது அரிசி அறை. இங்கு யாரும் படுக்கமாட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது. நாமும் முறுவலித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த இரண்டாவது வாக்கியம் பிறகுதான் எம்மை உறுத்தியது. பழைய லயங்களில் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்றும் ஓர் இஸ்தோப்புமே உண்டு. உறக்கம், படிப்பு, பிள்ளைப்பேறு, சாவு யாவும் அங்குதான். அரிசித் தகரம் கட்டிலின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும். மழைக் காலத்தில் சுவர் கசியும். அரிசி பூஞ்சணம் பிடிக்கும். எலியும் தன் பங்கைக் கேட்கும். அதே மழையில் பால்வெட்டும் நின்றுவிடுகிறது. வேலையில்லா நாளுக்குப் பேருமில்லை. ஆக, வீட்டில் இருப்பு மிக வேண்டிய பருவத்திலேதான் இருப்பு கெடுகிறது. மூட்டையாக வாங்கினால் மலிவு. வைக்க இடமில்லாதவன் கடைக்காரரின் கணக்குக் கொப்பியில் கிலோ கிலோவாக எழுதி, கூடிய விலை கொடுக்கிறான். 2022ஆம் ஆண்டு உணவு விலைகள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரு மடங்கானபோது, வசதியுள்ளோர் முன்கூட்டியே வாங்கி அடுக்கினர். லயத்து மக்களோ ஒவ்வொரு விலையேற்றத்தையும் அன்றன்று சந்தித்தனர்.

சேர்த்து வைப்பது அறமாகுமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதன்று. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அதனை நாளைக்கென்று இருத்தாமல் எல்லோர்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறியதைப் புறநானூற்றில் காண்கிறோம். வகுப்பறையில் இதனைப் பெருமிதத்துடன் கற்பிக்கவும் செய்கிறோம். ஆயின், வைத்துக்கொள்ளவும் இயலும் என்ற நிலையிலேதான் கொடை அறமாகிறது. வைப்பதற்கே இடமற்றவளைப் பற்றற்றவள் என்று புகழ்வது கேலியன்றி வேறென்ன? விலையேற்றத்தை எதிர்நோக்கி வணிகன் மூட்டை அடுக்கும் கிட்டங்கியையும், தன் பிள்ளைகளுக்காகத் தாய் மூடிவைக்கும் தகரத்தையும் ஒரே தராசில் நிறுப்போர் எம்மிடையேயும் உளர்.

தோட்டங்களில் களஞ்சியம் இல்லாமலிருக்கவில்லை. அதன் திறப்பு நிர்வாகத்தின் கையில் இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் அரிசியை அளந்து கொடுத்து, பெறுமதியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முறை நெடுங்காலம் நிலவியது. சோற்றுக்குத் திறப்பு வைத்திருப்பவனை எதிர்த்துப் பேசுவது எளிதா? ஒரு மாத அரிசி வீட்டிலிருந்தால் வேலைநிறுத்தத்தின் பத்தாம் நாளிலும் ஒரு தொழிலாளி நிமிர்ந்து நிற்கக்கூடும். இரண்டு நாள் அரிசியுள்ளவன் மூன்றாம் நாள் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டியவனாகிறான். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசி குறைந்து மாவும் கிட்டாதபோது, அயற்கிராமத்துச் சிங்களக் குடியானவனும் வாடினான். எனினும் அவன் வளவில் பலாவும் கிழங்கும் இருந்தன. உலர்த்திய பலாச்சுளையை அவன் வீட்டார் சேமித்து வைக்க அறிந்திருந்தனர். லயத்தவனுக்கு வளவுமில்லை, பரணுமில்லை. அக்காலத்தில் தோட்டங்களிற் பட்டினியால் உயிர்கள் மடிந்தன.

அறை கட்டினால் அரிசி வந்துவிடுமா என்று நண்பரொருவர் கேட்டார். வராதுதான், அதற்குச் சம்பளம் உயர வேண்டும். ஆனால், உயரும் சம்பளமும் மூட்டையாக வீடு வந்து சேர ஓரிடம் வேண்டுமல்லவா? இப்போது இந்திய உதவியுடன் மலையகத்தில் எழும் தனிவீடுகள் 550 சதுர அடி கொண்டவை. லயத்தோடு ஒப்பிட்டால் அது பெரும் மாற்றமே. அப்படியொரு வீட்டில் அரிசி அறைக்கு இடம் எங்கே என்று, தாளைத் திருப்பிக் கொடுக்கையில் அம்மாணவியிடம் கேட்டோம்.

"முன் அறையில கொஞ்சம் வெட்டிக்கலாம், சேர். வர்றவங்க இஸ்தோப்புல ஒக்காந்துக்குவாங்க" என்றாள்.