மடங்கத் தெரிந்த இரும்பு

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனிச் சீமைக்குள் நுழைவோர், கத்தியின் துணையின்றி ஒரு நாளும் நடவாத வாழ்க்கையை எங்கும் காண்பர். முருங்கைக்காய்க் கட்டின் கயிற்றை அறுக்கவும், தறியில் அறுந்த நூலின் நுனியை நறுக்கவும், கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைக் கட்டிய நாரைத் துண்டிக்கவும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலில் கொத்தைக் கொய்யவும் கூரிய இரும்பு ஒன்று வேண்டும். இடுப்பு மடிப்பிலோ சட்டைப் பையிலோ சிறு மடக்குக்கத்தி ஒன்றை வைத்திருந்த பெரியவர்களை நம்மில் பலர் அறிவோம். அதை வைத்திருந்ததற்காக அவர்களைக் கண்டு எவரும் அஞ்சியதில்லை.

இன்று நிலைமை அவ்வாறில்லை. சாரணர் முகாமுக்குப் புறப்படும் பதினான்கு வயது மகன், பல அலகுகள் கொண்ட மடக்குக்கத்தி ஒன்று வேண்டுமென்று கேட்டால், அத்தாவின் முகம் சுருங்குகிறது. தாயின் நெஞ்சு திடுக்கிடுகிறது. அந்த அச்சம் காரணமற்றதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் அவனுடைய தங்கையையும் அவன் பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். சாதிப் பகைமை சிறுவர் கையில் இரும்பைத் திணித்த அந்நிகழ்ச்சியைக் கேட்டு நாடே தலைகுனிந்தது. அதன் பின்னர், பிள்ளையின் பையில் கத்தி இருக்கட்டும் என்று சொல்லப் பெற்றோர் எவருக்குத்தான் மனம் துணியும்?

எனவே வினா எளியதன்று. கூரிய பொருளை உடன் கொண்டு திரிய ஒருவனுக்கு உரிமை அளிப்பது எது? அவன் நல்லவன் என்பதே போதுமா? அதனை நாம் சற்று நின்று ஆராய்தல் நன்று.

முதலில் அப்பொருளையே நோக்குவோம். முகாம் கத்தி என்றும் சாரணர் கத்தி என்றும் வழங்கும் மரபான மடக்குக்கத்தியில் பெரும்பாலும் நான்கு உறுப்புகள் உண்டு. அறுப்பதற்கு ஓர் அலகு. தகர டப்பாவைத் திறக்க ஒரு கொக்கி. திருகாணியைத் திருப்பவும் சோடாப் புட்டியின் மூடியை நெம்பவும் ஒரு தகடு. தோலிலும் மரத்திலும் துளையிட ஒரு குத்தூசி. சுவிட்சர்லாந்து நாட்டுப் படையினருக்கு 1891இல் வழங்கத் தொடங்கிய கத்தியும் இவ்வமைப்பினதே. படைவீரனுக்கென்று செய்யப்பட்ட அந்தக் கத்தி, பகைவனைக் கொல்வதற்காக உருவானதன்று. உணவு டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் உருவானது. முதலில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட அதனைத் தம் நாட்டிலேயே செய்யவேண்டுமென முனைந்தவர் கார்ல் எல்செனர் என்னும் கத்தித் தொழிலாளர். 1897இல் அவர் பதிவு செய்த மற்றொரு கத்தியில் இரண்டாவது அலகும், தக்கையைப் பிடுங்கும் திருகும் சேர்ந்தன. மதுப்புட்டிக்கென்று அமைந்த அத்திருகால் நமக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். இறுகிய கயிற்று முடிச்சை நெகிழ்த்த அதைவிட நல்ல கருவி கிடையாது என்பது, மூட்டை கட்டி அவிழ்த்தவர்களுக்குத் தெரியும்.

இக்கத்தியின் அமைப்பில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மரபான இவ்வகைக் கத்தியில் அலகைப் பூட்டி நிறுத்தும் பூட்டு இல்லை. பிடியின் முதுகில் அமைந்த வில்தகடு ஒன்றே விரிந்த அலகைத் தாங்குகிறது. ஒரு பொருளை வைத்து அறுக்கும்போது அவ்வில் போதுமானது. ஆனால் அதைக் கொண்டு குத்த முனைந்தால், அலகு பின்வாங்கி மடங்கிக் குத்துபவனின் விரலையே பதம் பார்த்துவிடும். வேலைக்கு ஒத்துழைக்கும் அவ்விரும்பு, வன்முறைக்கு ஒத்துழைக்கத் தயங்குகிறது. செய்தவனின் நிய்யத் அதன் உருவிலேயே பதிந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு இந்நோக்கையே மேற்கொண்டுள்ளது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுப் பயனுக்காகவும் வேளாண்மைக்காகவும் மட்டுமே அமைந்த பொருள்களை ஆயுதம் என்னும் வரையறையினின்று விலக்குகிறது. எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கொண்டே கருவி வேறு, ஆயுதம் வேறு என்று பிரிக்கிறது.

ஆயினும் இத்துடன் நாம் அமைதியுற இயலாது. நாங்குநேரியில் ஓங்கப்பட்ட அரிவாளும் பிறப்பால் வேளாண்மைக் கருவியே. வாழைத்தார் வெட்டவும் முள் வெட்டவும் பிறந்த இரும்பு, பகை புகுந்த கையில் ஆயுதமாயிற்று. ஆதலால் பொருளின் உருவம் ஒரு சான்றே அன்றி முடிவான தீர்ப்பு ஆகாது. அவ்வாறே, வைத்திருப்பவனின் நல்லெண்ணமும் தனித்து நின்று தீர்ப்பாவதில்லை. அவன் உள்ளத்தை இறைவன் அறிவான். எதிரே வருபவன் அறியான். அவன் காண்பது இரும்பை மட்டுமே. நல்லவன் ஒருவன் பேருந்தில் அலகை விரித்து நகம் சீவும்போது, அருகில் அமர்ந்த பெண்ணுக்கு அவன் நல்லவன் என்று யார் சொல்வது?

இவ்விடத்தில் நம் மார்க்கம் காட்டும் நெறி வியக்கத்தக்க நுட்பம் உடையது. அம்புகளை ஏந்திப் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அவற்றின் கூர்முனைகளைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. உருவிய வாளை ஒருவருக்கொருவர் கைமாற்றுவதையும் அவர்கள் தடுத்தார்கள். உடன்பிறந்தான் நேராகவேனும் ஆயுதத்தை நீட்டுதல் ஆகாது என்றும் எச்சரித்தார்கள். அம்பை எடுத்துச் செல்லாதே என்று அங்குக் கூறப்படவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். எடுத்துச் செல், ஆனால் அதன் கூர் உன் கைக்குள் இருக்கட்டும், பிறர் உடலை நோக்கி இருக்கவேண்டாம் என்பதே அதன் கருத்து. இடருக்கான பொறுப்பு எதிரே வருபவனிடம் இல்லை. ஏந்திச் செல்பவனிடமே இருக்கிறது. அந்த அம்பின் முனையைப் பற்றிய கையும், அலகைத் தன் பிடிக்குள் ஒளித்துக்கொள்ளும் மடக்குக்கத்தியும் ஒரே பாடத்தையே சொல்கின்றன.

சாரணர் இயக்கமும் அனுபவத்தால் இதே முடிவுக்கு வந்தது. 1907இல் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமினின்று வளர்ந்த அவ்வியக்கம், இந்தியச் சிறுவர்களைத் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். நாடு விடுதலை பெற்றபின் 1950இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் அமைந்தது. அமெரிக்கச் சாரணரிடையே ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கையாளும் முறைகளைக் கற்றுத் தேர்ந்த சிறுவனுக்கே அதனை வைத்துக்கொள்ள ஓர் அட்டை வழங்கப்படும். விதியை மீறினால் அவ்வட்டையின் ஒரு மூலை வெட்டப்படும். நான்கு மூலைகளும் போய்விட்டால் உரிமையும் போய்விடும். அலகை விரிக்குமுன் கையை நீட்டிச் சுற்றிலும் எவரும் இல்லையென்று உறுதி செய்தல், பிடியை முன்நீட்டிக் கொடுத்தல், பெற்றவன் நன்றி சொல்லும்வரை கையை விடாதிருத்தல் ஆகியவையும் அவர்கள் கற்பிக்கும் ஒழுங்குகள். கத்தி பிறப்புரிமை அன்று. நாள்தோறும் காத்துக்கொள்ள வேண்டிய அமானத் என்பதே இவற்றின் சாரம்.

அமானத்தை ஒருவன் கெடுத்தால் இழப்பு அவனுடன் நிற்பதில்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கைப்பற்றியவர்கள் சிறு கத்திகளைப் பயன்படுத்தினர். அதன் பின்னர் உலகெங்கும் விமானப் பயணியரின் கைப்பைகளினின்று மடக்குக்கத்திகள் அகற்றப்பட்டன. ஆப்பிள் நறுக்கக் கத்தி வைத்திருந்த முதியவரும் அதனை நிலையத்திலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. கெட்டவன் செய்த செயலுக்கு நல்லவனும் கணக்குச் சொல்கிறான். இது நீதியா என்று கேட்டால், நீதி அன்று எனலாம். ஆனால் பிறருடைய அச்சமின்மை நம் வசதியைவிடப் பெரிது என்று ஒப்புக்கொள்பவன், அவ்விழப்பை முணுமுணுக்காமல் ஏற்பான்.

இனி, இக்கத்திகளைச் சேர்த்து வைப்போரைப் பற்றியும் ஒரு சொல். ஷெஃபீல்டு, சோலிங்கன் முத்திரைகளையும், 2007இல் மூடப்பட்ட அமெரிக்கக் கமிலஸ் ஆலையின் சாரணர் கத்திகளையும் தேடித் தொகுப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். மறைந்த தொழிலாளரின் கைத்திறனைக் காப்பது பழுதன்று. ஆனால் சேர்த்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, ஆண்டுதோறும் ஓர் அலகு சேர்க்கத் திட்டமிட்டது. திறமையின் உச்சம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை எந்தப் பையிலும் வைக்க இயலாது; அதைக் கொண்டு ஒரு கயிற்றையும் அறுக்க இயலாது. கருவி காட்சிப் பொருளாகிவிட்டால், அதனை உடையவன் பெறுவது பயன் அன்று, பெருமையே. பத்துக் கத்திகளைப் பேழையில் பூட்டியவனைவிட, ஒரே கத்தியைச் சாணை பிடித்து வைத்து, அண்டை வீட்டாரின் மூட்டையை அவிழ்க்க ஓடுபவனே அவ்விரும்புக்கு உரியவன் என்போம்.

ஆகவே, அந்த ஆண்டிபட்டித் தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. முகாமுக்குச் செல்லும் பிள்ளைக்குக் கத்தி தருவதை அஞ்சி மறுக்கவும் வேண்டாம். கேட்ட உடனே எடுத்து நீட்டவும் வேண்டாம். முதலில் உங்கள் முன்னிலையில் ஒரு மாதம் அதனால் வேலை செய்யட்டும். பூச்செடியின் காய்ந்த கிளையை நறுக்கட்டும். வீட்டுக் கயிற்றை அறுக்கட்டும். துடைத்து எண்ணெயிட்டு மடித்து வைக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கும் கூட்டம் நிறைந்த இடங்களுக்கும் அது போகக்கூடாது என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். சினம் வந்தபோது அவன் கை எங்கே போகிறது என்று பாருங்கள். கை பைக்குள் போகுமாயின், அவனுக்குக் கத்தியின் காலம் இன்னும் வரவில்லை.

இரும்பை விரிக்க எந்தச் சிறுவனாலும் முடியும். வேலை முடிந்ததும் அதனை மடிக்கப் பழகுவதே பயிற்சி. தன் கூரைத் தானே உள்ளடக்கிக்கொள்ளப் பழகிய பிள்ளை கையில் கத்தி இருந்தாலும் ஊர் அஞ்சாது. பழகாதவன் வெறுங்கையோடு வந்தாலும் ஊர் அஞ்சத்தான் செய்யும்.