முன்பணம் கட்டாதீர்கள், அசலைக் கொடுக்காதீர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் ஊருக்குள் கார்கள் வரத் தொடங்கிவிடும். சில ஊர்களில் முடிவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. தேர்வு முடிந்த மறுநாளே வாசலில் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் நிற்கிறார். கையில் வழவழப்பான கையேடு. ஹாஸ்டல் இலவசம், பஸ் இலவசம், பத்தாயிரம் கட்டி சீட்டை உறுதி செய்துகொள்ளுங்கள், இன்னும் இரண்டு மூன்று இடம்தான் பாக்கி என்கிறார். அவர் கிளம்பும்போது பிள்ளையின் மதிப்பெண் சான்றும் டி.சி.யும் அவர் பைக்குள் போய்விடுகின்றன. பெற்றவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அம்மா, ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பைக்குள் எதையும் போடாதீர்கள். நீங்கள் கட்டும் பத்தாயிரம் பெரிய இழப்பில்லை. அதனால் கைவிட்டுப் போவதுதான் பெரிது. புரோக்கர் பிடித்துத் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அரசு தரும் பெரிய சலுகைகளோ கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உரியவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. கலந்தாய்வில் பொறியியல் சேர்ந்தால் அதன் மூலம் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்டால் இவை இரண்டும் இல்லை. நாலு வருடம் பணம் கட்டாமல் படித்திருக்கக்கூடிய பிள்ளைக்காக நீங்கள் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? போய்க் கேளுங்கள். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சேர்க்கையை உரிய காலத்துக்குள் ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தயங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனி ஆசிரியர்களிடம் பேச வேண்டும். பெற்றவர்களிடம் பேசியதைவிடக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. மாணவர்களின் பெயரும் அப்பாவின் செல்பேசி எண்ணும் புரோக்கர் கைக்கு எப்படிப் போகின்றன? ஒரு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசி ஆள் பிடித்துக் கொடுப்பவர்களில் சிலர் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருக்கிறார்கள். எல்லா ஆசிரியரும் அப்படியில்லை. விடுமுறையிலும் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் ஆசிரியர்களால்தான் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. ஆனால் உங்கள் பக்கத்து மேசைக்காரர் பட்டியலை விற்கிறார் என்று தெரிந்தும் நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்குண்டு. ‘சார் சொன்னாரு’ என்ற ஒரே காரணத்துக்காகக் கையெழுத்துப் போடும் குடும்பம் அது. அந்த நம்பிக்கையைக் காசாக்காதீர்கள். தடுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சொல்லுங்கள்.

படித்து வேலைக்குப் போய்விட்ட அண்ணன்களே, அக்காக்களே, இந்த மே, ஜூன் மாதங்களில் உங்கள் தெருவுக்கு நீங்கள் தேவை. பணம் கேட்கவில்லை. உட்கார்ந்து உதவ ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் இருநூறுக்குக் கணக்கிடப்படுகிறது: கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் வரிசைப்படுத்தலாம். இது தெரியாமல் நாலைந்து பெயரை மட்டும் போட்டுவிட்டு இடம் தவறவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய் இருந்தால் போதும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இரண்டே ரூபாய் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்க வையுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடமிருந்து தாசில்தார் அலுவலகம் போய் வர நாளாகும். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

வங்கிக் கணக்கையும் பாருங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவர் கணக்குக்கே போகிறது. கல்வி உதவித்தொகையும் அப்படியே. கணக்கு இருந்தால் போதாது. அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், கணக்கு முடங்கிக் கிடக்கக் கூடாது. ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாததால் வருடம் முழுக்கப் பணம் வராமல், விடுதிக்குக் கட்ட வழியில்லாமல், படிப்பை விட்டுத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய கொடுமை!

வங்கி மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘உங்க ஊர் எங்க கிளைக்கு வராது’ என்று சொல்லி கல்விக் கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே அறிவுறுத்திவிட்டது. நாலு லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது. இவை நீங்கள் அறியாதவை அல்ல. வேட்டியும் ரப்பர் செருப்புமாக வந்து நிற்பவரை வாய்வார்த்தையில் விரட்டாதீர்கள். மாணவர்களே, நீங்கள் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியையும் அதன்பின் ஓராண்டு வட்டியையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதையும் அங்கேயே விசாரியுங்கள். கடன் உங்கள் பெயரில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்து கட்டுங்கள். நீங்கள் கட்டாமல் விட்டால், அடுத்து அதே கிளைக்குப் போகும் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் கதவு சாத்தப்படும்.

ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களைத்தான் பனியன் கம்பெனி வேனும் கட்டட மேஸ்திரியும் முதலில் அழைத்துப் போகிறார்கள். துணைத்தேர்வு உடனடியாக வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போங்கள். வேன் ஏறுவதற்கு முன்னால் துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வையுங்கள்.