மறதியும் பொறுப்பும்

மறதி குற்றமா, குறையா என்னும் வினா ஒழுக்கவியலில் பழமையானது. வள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து, மகிழ்ச்சிச் செருக்கில் கடமையை மறப்பதைக் கடிந்தார். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக், நேற்றைய மனிதனையும் இன்றைய மனிதனையும் ஒருவனாக்குவது நினைவே என வாதிட்டார். முன்னவர் மறதியை ஒழுக்கத்தோடு பொருத்தினார். பின்னவர் நினைவை ஆளுமையின் அடித்தளமாக்கினார். கொவிட் பெருந்தொற்று இவ்விரு நோக்குகளையும் மீண்டும் சோதனைக்கு உட்படுத்தியுள்ளது.

அம்பாறைக் கரையோரத்தில் அமைந்த பாலமுனை இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். அவ்வூர் வைத்தியசாலை பெருந்தொற்றுக் காலத்தில் கொவிட் சிகிச்சை நிலையமாக இயங்கியது. காய்ச்சல் தணிந்து வீடு திரும்பியோர் குணமடைந்தோராகக் கணக்கிடப்பட்டனர். ஆயின், குணமடைதல் என்பது யாது? 2004 டிசம்பர் 26இல் இக்கரையைத் தாக்கிய கடற்பேரலையின் அழிவைக் கண்ணுள்ளோர் யாவரும் கண்டனர். தொற்று மூளையில் விட்டுச்செல்லும் மாற்றத்தையோ அயலவர் காண்பதில்லை. அவர்கள் காண்பது நடத்தையை மட்டுமே.

அம்மாற்றம் வெறுங்கற்பனையன்று. 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, 51 முதல் 81 வயது வரையான 785 பேரின் மூளைப் படங்களை இருமுறை எடுத்து ஒப்பிட்டது. அவர்களுள் 401 பேருக்கு இரு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் வைத்தியசாலையில் தங்கவேண்டிய அளவு நோயுறாதவர். எனினும், மணவுணர்வோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளில், தொற்றாதோரைக் காட்டிலும் 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதலான இழப்போ மாற்றமோ சராசரியாகக் காணப்பட்டது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், இங்கிலாந்தில் ஏறத்தாழ 113,000 பேரின் சிந்தனைத்திறன் சோதிக்கப்பட்டது. நோய்க்குறிகள் நீங்கியோரிடம் சிறு குறைவும், நீங்காதோரிடம் அதனிலும் கூடிய குறைவும் தென்பட்டன. உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டும் அழற்சியும் நுண்குருதிக்கலன்களின் பாதிப்பும் இதற்குரிய காரணங்களுட் சிலவாகக் கருதப்படுகின்றன.

இவை சராசரிகளே, தொற்றுக்குள்ளான ஒவ்வொருவர் மீதும் எழுதப்பட்ட தீர்ப்புகள் அல்ல. மனத்தைச் சிதறச்செய்யும் பிற காரணங்களும் இம்மண்ணில் இருந்தன. கொவிட்டினால் இறந்தோரின் உடல்கள் 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரிக்கப்பட்டமை முஸ்லிம் குடும்பங்களுக்கு ஆறாத் துயர் அளித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி உறக்கத்தையும் கெடுத்தது. ஒருவரின் மறதிக்கு நோய் காரணமா, துயர் காரணமா என்று பிரித்தறிதல் மருத்துவருக்கும் எளிதன்று. ஆனால் ஒழுக்க வினா அப்பிரிப்புக்காகக் காத்திருப்பதில்லை. அளவை மறக்கும் மேசனையும், வகுப்பில் சொல் தேடித் தடுமாறும் ஆசிரியரையும் ஊர் இன்றே ‘கவனமில்லாதவர்’ எனத் தீர்ப்பளித்துவிடுகின்றது. வள்ளுவர் கடிந்தது தவிர்க்கக்கூடிய மறதியை. தவிர்க்க இயலாததற்கும் அதே கடிதலை வழங்குவது நீதியாகாது.

இங்கு அவ்வூரார் நாள்தோறும் பின்பற்றும் சமய விதிகளே ஒரு வழியைக் காட்டுகின்றன. தொழுகையில் எத்தனை றக்அத் முடிந்தன என்று ஐயுறுபவர், குறைந்த எண்ணிக்கையை உறுதியாகக் கொண்டு மீதியை நிறைவுசெய்து, மறதிக்குரிய இரு ஸுஜூதுகளைச் செய்கின்றார். நோன்பை மறந்து உண்டவர் நினைவு வந்ததும் நிறுத்தி நோன்பைத் தொடர்கின்றார். ஆயினும், மறதியால் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவர் அதனை ஈடுசெய்தல் வேண்டும். பழி நீங்குகின்றது, பொறுப்பு நீங்குவதில்லை. பழியும் பொறுப்பும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடே இவ்வினாவுக்குத் திறவுகோல்.

பழியை நீக்கினால், மறதியால் விளையும் இழப்பை யார் சுமப்பது என வினவலாம். நோயாளி கேட்பது பரிவை. அவரை வேலைக்கு அமர்த்தியவர் கேட்பது நம்பகத்தன்மை. இரண்டும் நியாயமானவை. கடனை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் பணிப்பதில் இதற்கு விடை உண்டு. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே ஏற்று, நினைவின் சுமையை ஏட்டுக்கும் சாட்சிக்கும் அது பகிர்ந்தளிக்கின்றது. கடைக்காரரின் கடன் கொப்பி எவரையும் பொய்யராக்குவதில்லை. அவ்வாறே மேசனுக்கு அளவை எழுதிக் கொடுப்பதும், ஆசிரியருக்கு ஓய்வுவேளை ஒதுக்குவதும் சலுகைகள் அல்ல. பொறுப்பை அவர்களே தொடர்ந்து ஏற்பதற்கான வழிகள். தம் குறையை மறைக்காது சொல்லுதல் நோயுற்றவரின் கடமை. சொன்னவரை நம்புதல் ஏனையோரின் கடமை. நம்பப்படாத இடத்தில் எவரும் உண்மை சொல்லத் துணியார்.

லொக்கின் கூற்றையும் இவ்விடத்தில் திருத்திக்கொள்ளலாம். ஒருவர் தம் நினைவில் மட்டும் வாழ்பவர் அல்லர்; மனைவி மக்களின், அயலவரின், பள்ளிவாசலில் அருகே நின்று தொழுவோரின் நினைவிலும் வாழ்கின்றார். அவருடைய நினைவு தளரும்போது அவர் யார் என்பதைக் காத்துவைப்பது அவர்களின் கையில் உள்ளது. மறந்தவரைக் குற்றவாளியாக்கும் சமூகம் அவருடைய கடந்தகால உழைப்பையும் நேர்மையையும் தானே மறந்துவிடுகின்றது. அம்மறதிக்கு எந்த நோயையும் காரணம் காட்ட இயலாது.