அசலைத் தின்கின்றோமா?

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ‘கஹ்ஃபு’ சூரா ஓதப்படுகின்றது. குகைத் தோழர்களின் வரலாற்றையும், மூஸா (அலை) அவர்கள் ஹிள்ரு (அலை) அவர்களுடன் நடந்த பயணத்தையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி மகிழ்கின்றோம். இடையில் வருகின்ற தோட்டக்காரனைப் பற்றி மட்டும் நாம் அதிகமாகப் பேசுவதில்லை. திராட்சைத் தோட்டங்கள் இரண்டு, சுற்றிலும் பேரீச்ச மரங்கள், நடுவே பயிர், ஊடே ஓடும் ஆறு எனச் செழிப்பில் திளைத்தவன் அவன். தோட்டத்துக்குள் நுழைந்தபோது, இது என்றைக்கேனும் அழியும் என்று தான் எண்ணவில்லை என்றான். கையில் பொருளில்லாத அவனுடைய தோழர் அவனை எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் ஒன்று, அவன் தோட்டத்து நீர் தேடினாலும் கிடைக்காத ஆழத்துக்குப் போய்விடலாம் என்பது.

கெலமங்கலத்து வாசகர்களுக்கு இந்த இடத்தில் தஃப்ஸீர் வேண்டியதில்லை. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் கேழ்வரகும் கொள்ளும் வீடு வந்து சேரும் என்று வாழ்ந்த சீமை இது. நாற்பது, ஐம்பது அடிக் கிணற்றில் மாடு பூட்டிக் கபிலை இறைத்ததைக் கண்ட முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் ஆயிரம் அடி தாண்டித் துளை போடுகின்றார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட போரில் புழுதி மட்டும் பறப்பதைப் பார்த்துக் கண்கலங்கி நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். தண்ணீர் கிடைத்தவனுக்கும் நிம்மதியில்லை; சந்தையில் விலை விழுந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

ஓசூரின் வளர்ச்சியைக் குறை கூறுவது நன்றிகெட்ட செயல் என்று சிலர் நினைக்கலாம். 1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன, பிறகு டைட்டன் கடிகாரம் வந்தது. இன்று கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கின்றார்கள். மகளின் சம்பளத்தால் தந்தையின் கடன் அடைந்த வீடுகள் உண்டு. அல்ஹம்துலில்லாஹ். வறுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே வறுமையைப் புகழ்ந்து பேச நமக்கு உரிமையில்லை.

நம் கேள்வி வேறு. ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தால் பொருளாதாரம் பத்தாண்டுகளில் இருமடங்காகும். ஐம்பதாண்டுகளில் ஏறத்தாழ முப்பது மடங்காகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. ஐம்பதாண்டுகளில் அது முப்பது மடங்கு பொழியுமா? பாறை வெடிப்புகளில் ஊறும் நீர் முப்பது மடங்கு ஊறுமா?

இந்தக் கணக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துகொண்டு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றது. அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் எழுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கழிவை உண்டாக்கிய உற்பத்தி ‘வளர்ச்சி’யில் சேரும். கிணறு கெட்டதால் வாங்கும் கேன் தண்ணீரும் சேரும். நோயாளி வாங்கும் மருந்தும் சேரும். கெட்டுப்போன ஆறு மட்டும் எந்தப் பத்தியிலும் கழிக்கப்படுவதில்லை! ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படிக் கணக்கெழுதினால், கடையின் கூரை ஓட்டை விற்ற பணத்தையும் அன்றைய வியாபாரத்தில் வரவு வைக்கின்றாரே என்று சிரிப்போம். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இயற்கையின் அசலைக் கரைத்து உண்ணும் பொருளாதாரம் நிலைக்காது என்று 1945-இலேயே நூல் எழுதி எச்சரித்தார்.

அசலுக்கும் விளைச்சலுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதியதன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மேலான பொருள் அவர்களுக்கு வாய்த்ததில்லை. என்ன செய்வதென்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அசலை நிறுத்திவைத்து விளைச்சலைத் தருமம் செய்யலாம் என்ற வழி காட்டப்பட்டது. விற்பதற்கில்லை, அன்பளிப்பாகக் கொடுப்பதற்கில்லை, வாரிசுக்குப் போவதற்கில்லை. இன்றும் வக்ஃபு நிலத்தை ஒரு முதவல்லி விற்றுவிட்டார் என்றால் ஜமாஅத்தே கொதித்தெழுகின்றது. மழை விளைச்சல், ஆயிரம் அடி ஆழத்து நீர் அசல். அதை நாமெல்லோரும் சேர்ந்து விற்கும்போது மட்டும் ஏன் யாரும் கொதிப்பதில்லை?

அதே உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இராக் வெற்றிகொள்ளப்பட்டபோது, ‘ஸவாது’ எனப்படும் அதன் வளமான நிலங்களைப் படைவீரர்களுக்குப் பங்கிடவேண்டுமென்று பிலால் (ரலி) அவர்கள் உள்ளிட்ட பெருந்தோழர்கள் வற்புறுத்தினார்கள். அவர்கள் கேட்டதில் அநியாயம் ஏதுமில்லை. வென்றவர்களின் பங்கைத்தான் கேட்டார்கள். கலீஃபா இணங்கவில்லை. பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதே அவர்களுடைய கவலை. நாட்கணக்கில் ஆலோசனை நடந்தது. முடிவில், பின்னால் வருவோரைக் குறிப்பிடும் ‘ஹஷ்ரு’ சூராவின் வசனத்தை ஆதாரமாகக் காட்டி, நிலத்தை உழுபவர்களிடமே விட்டு, வரியைப் பொதுநிதிக்கு ஆக்கினார்கள். பிறக்காத பிள்ளைகளுக்காக உயிரோடிருந்த வீரர்களிடம் வாதாடிய ஆட்சியாளர்!

2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் ஐந்தாவது சிப்காட்டுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்துத் தொடர்ந்து போராடியபோது, அவர்களை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று பேசியவர்கள் நம்மிலும் உண்டு. ஸவாது நிலத்தின் வரலாற்றை ஒருமுறை படித்திருந்தால் அவ்வளவு விரைந்து பேசியிருக்கமாட்டார்கள் என்பது நம் எண்ணம். பக்கத்துப் பெங்களூரையும் பார்த்திருக்கலாம். 2024 மார்ச்சில் அங்கே அரசின் 14,000 ஆழ்குழாய்க் கிணறுகளில் ஏறத்தாழ 7,000 வற்றிவிட்டதாகக் கர்நாடக அரசே அறிவித்தது.

அரசையும் ஆலையையும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்குப் போதிய அளவு உணவைத்தான் துஆவில் கேட்டார்கள். நாமோ நிக்காஹ் விருந்தில் பக்கத்து வீட்டைவிட இரண்டு வகை கூட வைப்பதற்காக வட்டிக்கும் துணிகின்றோம். ஓடுகின்ற ஸ்கூட்டரை மாற்றுவதற்குத் தவணை, அந்தத் தவணைக்காக ஓவர்டைம், ஓவர்டைமால் தவறுகின்ற மஃரிபு. ‘போதும்’ என்று எந்த இடத்தில் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் ஒருநாள் உட்கார்ந்து பேசவேண்டும். பசித்தவனிடம் இதைச் சொல்ல நமக்கு நாவெழாது. மூன்றாவது மாடி கட்டுகின்றவரிடம் சொல்லலாம்.

பள்ளிவாசலிலிருந்தே தொடங்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூச் செய்ய ஒரு ‘முத்து’ நீர் போதுமாயிருந்தது. அது ஏறத்தாழ முக்கால் லிட்டர். நாம் திறந்துவிடும் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, ஒளூ முடிந்ததும் அளந்து பாருங்கள். பின்னர் அந்த நீர் எங்கே போகின்றதென்றும் பாருங்கள். பல இடங்களில் அது நேரே சாக்கடைக்குத்தான் போகின்றது. சோப்புக் கலவாத நீர். முற்றத்தில் நான்கு தென்னைகளுக்கும் ஓர் உறிஞ்சு குழிக்கும் அதைத் திருப்பிவிட, கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான்.