வஸ்வாஸும் படிப்படியான பயிற்சியும்



தூர் மலையருகே நபி மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடியைக் கீழே போட்டார்கள். அது பாம்பாய் நெளியக் கண்டதும் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். அல்லாஹுத்தஆலா அவர்களை அழைத்து, அஞ்சாமல் அதைப் பிடிக்கப் பணித்தான். யாருமற்ற இடத்தில் நடந்த முதற்பாடம் அது. பின்னர் ஃபிர்அவ்னின் அவையில் அதே தடி. இறுதியாக, மக்கள் திரண்ட திடலில் சூனியக்காரர்களுக்கு எதிரில் அதே தடி. அங்கும் அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததென்று ‘தாஹா’ அத்தியாயம் கூறுகிறது. ஆனால் இம்முறை அவர்கள் ஓடவில்லை. அச்சம் இருக்கும்போதே நின்றார்கள்.

இந்தப் பாடம் நம் வீடுகளுக்கும் வேண்டும். ஒளுச் செய்யும்போது முழங்கை நனைந்ததா, நிய்யத் சரியா என்று ஐயுற்றுப் பத்து முறை, இருபது முறை கழுவுவோர் உண்டு. ஜமாஅத் தவறுகிறது, சிலவேளை வக்தே தவறிவிடுகிறது. இதைப் பேணுதல் என்று எண்ணுகிறார்கள். இது பேணுதல் அன்று, வஸ்வாஸ். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் ஒளுச் செய்தார்கள். ஒருமுறை கழுவினால் கடமை நிறைவேறும், மும்முறை சுன்னத்து, அதற்கு மேல் வரம்பு மீறல். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் சட்டம்.

‘சட்டம் தெரிந்தும் விட முடியவில்லையே!’ என்பீர்கள். உண்மைதான். மீண்டும் கழுவியதும் நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதலே அடுத்த ஐயத்தை வளர்க்கிறது. ஆகவே சிறுகச் சிறுகப் பழகுங்கள். குழாயை மூடிவிட்டுச் சொம்பில் நீர் எடுங்கள். பத்து முறை கழுவுபவர் முதல் வாரம் ஏழோடு நிறுத்தட்டும், பிறகு ஐந்து, பிறகு மூன்று. நிறுத்தியதும் நெஞ்சு படபடக்கும். படபடப்புடனேயே முஸல்லாவில் நின்று தக்பீர் கட்டுங்கள். ஒளுச் செய்த இடத்திற்குத் திரும்பாதீர்கள். படபடப்பு ஏறும், பிறகு தானே இறங்கும்.

வீட்டார் கேலி செய்யவும் கூடாது; ‘நனைந்துவிட்டது’ என்று கேட்கும்போதெல்லாம் உறுதி கூறவும் கூடாது. ‘இன்றைய அளவோடு தொழுங்கள்’ என்று அன்புடன் சொன்னால் போதும்.

இது புதுமையன்று. கி.பி. 934-இல் மறைந்த அபூஸைத் அல்-பல்கீ அவர்கள், அஞ்சுவதைத் திரும்பத் திரும்பக் கண்டும் கேட்டும் பழகினால் அச்சம் தணியும் என்று எழுதிச் சென்றார்கள். 1966-இல் விக்டர் மேயர் என்னும் உளவியலார், திரும்பத் திரும்பக் கழுவும் நோய்க்கு இவ்வழியையே கையாண்டார். தானாக முடியாதவர் மருத்துவரை நாடுவது ஈமானுக்குக் குறைவன்று.

இன்று அஸருக்கே ஒரு படி குறைத்துப் பாருங்கள். ஐயத்திலிருந்து நம்மை விடுவித்து, அமைதியான தொழுகையை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.